அந்தப் பக்கம் நான் போட்ட வயர்

"சார், அது என் கால்."

"அப்படியா? அதான் பார்த்தேன், முள் அசையவே இல்லை."

தையல்காரரின் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தவர் தொலைபேசி இலாகாவில் இரைச்சல் பிடிப்பவர். காதில் ஹெட்ஃபோன். கழுத்தில் தோல் வார் போட்டுத் தொங்கவிட்ட பெட்டி. கையில் தட்டு அகலத்துக்கு ஒரு வளையம். மோவாயில் இரண்டு இடத்தில் பஞ்சு.

மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் தொலைபேசிக் கம்பி போனால் அதன் உறுமல் இதில் தொற்றிக்கொள்ளும். பேசுகிறவர்கள் காதில் 'ங்ங்ங்' என்று ஒரு தேனீக் கூட்டம் குடியேறிவிடும். அந்தத் தேனீக்கள் எந்த மோட்டாரிலிருந்து, எந்த விளக்கிலிருந்து கிளம்பின என்று மோப்பம் பிடிக்கத்தான் இந்தப் பெட்டி. வளையத்தைக் குற்றவாளியின் அருகே கொண்டுபோனால் ஹெட்ஃபோன் கத்தும், பெட்டியின் முகத்திலுள்ள முள் தூக்கம் கலைந்து ஓடும். எங்கே வேண்டுமானாலும் எளிதாகத் தூக்கிச் செல்லலாம் என்று அதன்மேல் எழுதியிருந்தது. எழுதியவன் தூக்கிப் பார்த்ததில்லை. கன்றுக்குட்டியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்தால்கூட, அது சில சமயம் தானாக நாலு எட்டு வைக்கும்.

ஆபீஸில் அவருக்கு 'ங் சார்' என்று பெயர். ங-வில் ஆரம்பிக்கிற ஏதாவது ஒன்றைக் காட்டச் சொன்னால் எல்லா ஊர் வாத்தியார்களும் தலையைச் சொறிவார்கள். அந்த ஊர் வாத்தியார்கள் மட்டும் இவரைக் காட்டலாம்.

"சார், வக்கீல் கோட்டு நாளைக்குக் குடுக்கணும். எந்திரிச்சு வாங்க," என்றார் தையல்காரர்.

"உங்க மோட்டார்தான்யா. எனக்குச் சந்தேகமே இல்லை."

அப்போது கடைக்கு மேலே மாடியில் இருந்த ங் சாரின் வீட்டிலிருந்து அவர் மனைவியின் குரல் இறங்கி வந்தது.

"ஏங்க! ஃபோன்! உங்க பொண்ணு! சத்தத்தோடதான் வந்திருக்கா!"

"மோட்டாரை நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ங் சார் கன்றுக்குட்டியோடு மாடிப்படி ஏறினார்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் கூப்பிடுவாள். ஆரம்பத்தில் லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. ங் சார் எடுப்பார். "நல்லாருக்கியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்," என்று சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல ரிசீவரை மனைவியிடம் தள்ளிவிடுவார். பாசம் இல்லாமல் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்கள் பேசுவதில் குறுக்கே வருகிற சத்தத்தைக் கேட்டவர். பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லை.

பிறகு திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் குரலோடு தேனீக் கூட்டமும் சேர்ந்து வந்தது. ங் சாருக்கு உயிர் வந்தது. மனைவியின் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மனைவிக்குக் கிடைத்தது கடைசி இரண்டு நிமிஷம்தான்.

"நான் பெத்த பொண்ணுகிட்ட நான் பேசணும்னா உங்க சத்தம் நின்னாத்தான் உண்டு," என்றாள் அவள். "மத்த ஃபோனெல்லாம் சுத்தமாத்தானே வருது? அவ பேசும்போது மட்டும் ஏன் கத்துது? அந்தப் பக்கம் என்னமோ இருக்குங்க."

"அந்தப் பக்கம் நான் போட்ட வயர்," என்றார் ங் சார்.

அதோடு பேச்சு முடிந்துவிடும். மற்ற அப்பாக்கள் மகளுக்குப் பீரோ வாங்கிக் கொடுத்தார்கள். இவர் மகள் வீட்டில் வயர் போட்டுக் கொடுத்தார். மின்சாரக் கம்பி வருகிற பக்கமே தலைவைத்துப் படுக்காமல், சுவரோரமாக, முறுக்குப் பிசகாமல், ஆணிக்கு ஆணி அளந்து போட்ட வயர். அதில் இரைச்சல் வந்தால் சூரியனில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே குற்றவாளி இந்தப் பக்கம்தான் இருந்தாக வேண்டும். இந்தத் தெருவில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஓடுகிற ஏதோ ஒரு மோட்டார்.

அந்தக் கல்யாணச் சந்தடியில் நேர்ந்த ஒரே நஷ்டம் அவருடைய மின்சார ஷேவர் காணாமல் போனதுதான். அவருக்குச் சமையல்காரர்கள்மேல் சந்தேகம். மனைவிக்கு அவருடைய ஞாபகசக்தியின்மேல் சந்தேகம். அன்றிலிருந்து பிளேடு, பிளேடோடு பஞ்சு.

"ஹலோ."

"அப்பா, நல்லாருக்கீங்களா?"

"பேசாதே. சத்தத்தைக் கேக்க விடு."

மகள் பேசாமல் இருந்தாள். இரைச்சல் பேசிற்று. தையல்காரர் மோட்டாரை நிறுத்தியும் அது குறையவில்லை. ங் சார் பேனாவை எடுத்தார். குற்றவாளி அந்தப் பக்கம் இல்லை என்றாலும், புகார் கொடுத்தவரிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட வேண்டும் என்பது இலாகா வழக்கம்.

"உன் வாசல் லைட் எத்தனை மணி வரைக்கும் எரியும்?"

"அவர் வர்ற வரைக்கும்பா. ரொம்ப லேட்டாகும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"ம். அப்ப டியூப் லைட் சோக்கு சீக்கிரம் போயிடும். டிவி?"

"நாள் பூரா ஓடும்பா. அத்தை பாப்பாங்க. நான் பேசினா அவங்களுக்குக் கேக்காதுன்னு பேச மாட்டேன்."

"நல்லது. ஃப்ரிட்ஜ்?"

இப்படி அரை மணி நேரம். கடைசியில் ரிசீவரை வாங்கிய மனைவி, "சாப்பிட்டியாடி?" என்று கேட்பதற்குள் மகளுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

மறுநாள் ங் சார் தையல்காரரின் கடைக்கு இறங்கினார். மோட்டாரை நிறுத்தினாலும் அதற்குள் ஏறின இரைச்சல் கொஞ்ச நேரம் தங்கும் என்று ஒரு கொள்கையை இரவோடு இரவாகக் கண்டுபிடித்திருந்தார். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தக் கொள்கை தெரியாது. தையல் மிஷினின் கால் மிதியைக் கழற்றி, இரைச்சலை விழுங்குகிற ஒரு சின்ன உருளையை உள்ளே வைத்துப் பற்றவைத்தார்.

"இதனால ஒண்ணும் ஆகாதே?"

"என்னய்யா ஆகப்போகுது? உங்க மிஷின் இனிமே பூனை மாதிரி நடக்கும்."

அது புலி மாதிரி பாய்ந்தது. தையல்காரர் மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் நிற்கவில்லை. வக்கீல் கோட்டின் வலது கையை இடது கையோடு சேர்த்துத் தைத்து, இன்ச் டேப்பை முதுகில் ஒரு பட்டையாக வைத்துத் தைத்து, தையல்காரரின் சட்டை நுனியையும் உள்ளே இழுத்தது. பிளக்கைப் பிடுங்கியிருக்காவிட்டால் மறுநாள் அவரும் கோட்டோடு கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

"பூனைன்னு சொன்னீங்களே சார்!"

ங் சார் மன்னிப்புக் கேட்டார். உருளையைக் கழற்றிக் கொடுத்தார். ஆனால் அடுத்த நாள் சாயங்காலம் வழக்கம்போல் டீக்கு இறங்கியபோது, தையல்காரர் ஒரே ஒரு தம்ளர் டீ வாங்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் குடித்தார். எத்தனையோ வருஷமாக அங்கே இரண்டு தம்ளர்தான் வரும். ங் சார் கொஞ்ச நேரம் நின்றார். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். தையல்காரர் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தேகம் எதிர்வீட்டுப் பல் டாக்டர்மேல் விழுந்தது.

"டாக்டர், நான் வந்து சொல்ற வரைக்கும் அந்தத் துளைபோடற மிஷினை நிறுத்துங்க."

"பாதித் துளைதான் போட்டிருக்கேன்!"

"மீதியை அப்புறம் போடலாம். பல்லு எங்க எந்திரிச்சு ஓடிடப் போகுது?"

நாற்காலியில், முகத்தில் துண்டு போர்த்தி, வாயைத் திறந்தபடி படுத்திருந்த யாரோ ஒருவர் "ஆ... ஆ..." என்று ஆட்சேபித்தார். ங் சார் அவரை ஒரு பொருட்டாக நினைக்காமல் மாடிக்கு ஓடினார். போன் வந்துவிட்டது. இரைச்சலும் வந்துவிட்டது.

"மாடிப்படியில விளக்கு இருக்கா?"

"இருக்குப்பா. ராத்திரி அதுக்குக் கீழதான் உக்காந்து படிப்பேன்."

"என்ன படிக்கறே?"

கேட்டுவிட்டு ங் சாரே திடுக்கிட்டார். இரைச்சலுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. உடனே, "அதாவது, பல்பு எத்தனை வாட்?" என்று திருத்திக்கொண்டார்.

மகள் பல்பை விட்டுவிட்டு முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள்.

"பரீட்சைக்குப்பா. ஆபீஸ்ல பெரிய வேலை ஒண்ணு வருது. ஆனா வீட்டுல இன்னும் யார்கிட்டயும் சொல்லலை."

"ம். பல்பு?"

"நாப்பது."

"பத்தாது. கண்ணு கெட்டுடும். பெருசா மாத்து," என்றவர், அதுவும் இரைச்சலில் சேராது என்று உணர்ந்து இருமினார். பிறகு படிக்கட்டைப் பற்றிக் கேட்டார். ஜன்னலைப் பற்றிக் கேட்டார். ஜன்னலுக்கு வெளியே போகிற கம்பியில் என்ன குருவி உட்காரும் என்றுகூடக் கேட்டார். குருவி உட்கார்ந்தால் கம்பி ஆடும், ஆடினால் இரைச்சல் வரும் என்று மனைவியிடம் பின்னால் விளக்கம் கொடுத்தார்.

பேச்சு சுவாரசியத்தில் பல் டாக்டரை அடியோடு மறந்துபோனார்.

துண்டுக்குள் இருந்தது யாருடைய முகம் என்பது திங்கட்கிழமை காலை ஆபீஸில் தெரிந்தது. டிவிஷன் ஆபீசர் ஒரு கன்னத்தில் பூசணிக்காய் வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தார்.

"நீழ்ழ வந்து சொழ்ழுவீழ்ழன்னு வாயைத் தொறந்துக்கிட்டே இழுந்தேன்," என்றார் அவர். "அழ்ழப் பெட்டிய அழுத்த திங்கக்கெழம ஸ்டோழ்ல ஒப்படைங்க."

"சார், இன்னும் கொஞ்ச நாள் குடுத்தீங்கன்னா..."

"ஒப்படைங்க!"

ஆக, மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டி போய்விட்டால் இரைச்சல் நிற்காது. இரைச்சல் நிற்காவிட்டால் மனைவிக்கு மகளின் குரல் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், ஊரார் வீட்டு இரைச்சலையெல்லாம் ஓட்டினவர் தன் வீட்டு இரைச்சலிடம் தோற்றார் என்று ஆபீஸில் காலத்துக்கும் சொல்வார்கள். அவர் நினைக்காத ஒன்றும் இருந்தது. அந்த வாரம் முழுக்க, பஸ்ஸில் போகும்போதும் சாப்பிடும்போதும், மகளிடம் கேட்க அவர் கேள்விகள் சேர்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் இரைச்சல் பற்றியவை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்.

கடைசி ஆயுதமாக மின்சார இலாகாவின் லைன்மேனைப் பிடித்தார். இரண்டு இலாகாவுக்கும் கீரி பாம்பு உறவு.

"உங்க ஃபோன் தும்மினாக்கூட எங்க கரண்ட்டு மேலதான் பழி போடுவீங்க," என்றார் லைன்மேன். "சரி, தெரு பூரா கரண்ட்டை நிறுத்தறேன். அப்பவும் சத்தம் நிக்கலேன்னா?"

"நிக்கலேன்னா இந்தப் பெட்டியை உங்க கம்பத்துல கட்டித் தொங்கவிடறேன்."

"பெட்டி வேணாம் சார், கம்பம் தாங்காது. நீங்க ஏறி உக்காந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை, போன் மணி அடித்ததும் ங் சார் ஜன்னலில் துண்டை ஆட்டினார். லைன்மேன் ஃபியூஸ் கட்டையை இறக்கினார். தெரு செத்துப்போனது. பல் டாக்டர் வீட்டில் ஒரு அலறல் பாதியில் நின்றது. சலூனிலிருந்து பாதித் தலையோடு ஒருவர் வெளியே வந்து, மீதித் தலை எப்போது என்று வானத்தைக் கேட்டார். ஐஸ்க்ரீம் கடைக்காரர், உருகுவதற்குள் தின்று முடியுங்கள் என்று போகிறவர் வருகிறவர் வாயிலெல்லாம் திணிக்க ஆரம்பித்தார். யார் வேலை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து ங் சாரின் ஜன்னலைப் பார்த்தார்கள். தையல்காரர் மட்டும் சுவரைப் பார்த்தார்.

ங் சார் ரிசீவரைக் காதில் வைத்தார்.

ங்ங்ங்.

முன்பைவிடச் சுத்தமாக, முன்பைவிடக் கம்பீரமாக.

"அப்பா, இன்னும் கேக்குதாப்பா?"

"கேக்குது."

"அச்சச்சோ," என்றாள் மகள். அந்த 'அச்சச்சோ'வில் வருத்தம் கொஞ்சம் குறைச்சலாக இருந்ததுபோல் பட்டது. ஆனால் அதை யோசிக்க அவருக்கு நெஞ்சில் இடமில்லை. தெருவில் ஒரு சொட்டு மின்சாரம் கிடையாது. அப்படியானால் இரைச்சல் இந்தப் பக்கம் இல்லை. இந்தப் பக்கம் இல்லையென்றால்...

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லலை," என்றாள் மனைவி. அவள் ஒன்றும் சொல்லாதது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை பெட்டி ஸ்டோருக்குப் போகவில்லை. லீவு சொல்லிவிட்டு, மகளிடம்கூடச் சொல்லாமல் ங் சார் அதை ரயிலில் ஏற்றினார். ஜன்னலோரத்துப் பயணி அதிலிருந்த முள்ளைப் பார்த்ததும் இரண்டு பெட்டி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக ங் சாருக்கு ஒரே நினைப்புதான். தையல்காரரின் கோட்டைக் கெடுத்தது, டாக்டரின் தொழிலைக் கெடுத்தது, ஆபீசரின் பல்லைக் கெடுத்தது, எல்லாம் தன் கையால் போட்ட ஒரு வயரைச் சந்தேகிக்க மனம் வராததால் வந்த வினை. மகளுக்குக் கொடுத்த ஒரே ஒரு பொருள். அதுவும் ஓட்டைப் பொருள்.

சம்பந்தியம்மா கதவைத் திறந்தார்.

"வாங்க சம்பந்தி! என்ன, சொல்லாம கொள்ளாம? அவங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போயிட்டாங்களே. கழுத்துல என்ன?"

"பெட்டி."

"மோவாயில?"

"பஞ்சு. சம்பந்தியம்மா, அந்த டிவியைக் கொஞ்சம் நிறுத்தறீங்களா?"

"ஐயோ, நாடகத்துல இப்பத்தான் உண்மை வெளிய வரப்போகுது!"

"இங்கயும் அதேதான் நடக்கப்போகுது."

சம்பந்தியம்மா டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். ங் சார் ஹெட்ஃபோனை மாட்டினார். வளையத்தைச் சுவரோரமாகக் கொண்டுபோனார். வாசல் லைட், மாடிப்படி விளக்கு, ஜன்னல், ஃப்ரிட்ஜ். இதுவரை பார்த்தேயிராத வீடு அல்லவே, ஆனாலும் கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கு இப்போதுதான் அது மனப்பாடமாகியிருந்தது. படிக்கட்டு விளக்கில் பெரிய பல்பு மாட்டியிருந்ததைப் பார்த்து ஒரு விநாடி நின்றார்.

முள் அசையவில்லை. தொலைபேசி லைனில் பெட்டியை மாட்டிப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை. பால் குடித்த குழந்தை மாதிரி தூங்கிற்று.

"ஒளிஞ்சுக்கிட்டிருக்கு," என்றார்.

ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஆணிக்கு ஆணி அளந்து போட்ட வயரை ஆணிக்கு ஆணி பிடுங்கினார். சுண்ணாம்பு உதிர்ந்தது. சம்பந்தியம்மா "சுவரு, சுவரு" என்றார். வாசலிலிருந்து போன் வரைக்கும் மொத்த வயரையும் உருவி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. ஒரு முறுக்குப் பிசகவில்லை. உலகத்திலேயே குற்றமற்ற வயரைக் கொன்று மடியில் போட்டுக்கொண்டிருந்தார். போன் இப்போது வெறும் பிளாஸ்டிக்.

சரி, பழையபடி அடிக்கலாம் என்று ஆணி தேடி, போன் மேசையின் இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே அவருடைய ஷேவர் இருந்தது.

அவருடையதேதான். ஈயம் பற்றவைக்கும்போது ஓரத்தில் பட்ட சூட்டுத் தழும்புகூட அப்படியே இருந்தது. சமையல்காரர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிளக்கில் சொருகினார்.

ங்ங்ங்.

கழுத்திலிருந்த பெட்டி அலறியது. முள் கோடிக்கு ஓடி முட்டிக்கொண்டு நின்றது. அதே தேனீக் கூட்டம். தெருவையே இருட்டாக்கியும் சாகாத அதே கூட்டம்.

மகள் சின்னவளாக இருந்தபோது, அவர் மேசையில் பெட்டியைப் பிரித்துவைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, இதே ஷேவரை முதுகுப் பக்கம் ஒளித்துக்கொண்டு வருவாள். பெட்டி அலறும். "யாரது? எங்க அந்தத் திருடன்?" என்று அவர் வளையத்தோடு வீடெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் அவள் தலையில் மாட்டுவார். அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே விளையாட்டு அதுதான். எப்போது நின்றது என்று ஞாபகமில்லை. ஏதோ ஒரு நாள், வேலை இருக்கிறது, போய்ப் படி என்று சொல்லியிருப்பார். அவளும் போய்ப் படித்திருப்பாள்.

ங் சார் ஷேவரை நிறுத்தினார். மனம் கனத்தாலும், தொழில்காரனின் மூளை கணக்கை முடித்துவிட்டது. வயர்மேல் தப்பில்லை. ஷேவரைக் கொண்டுவந்தது மாப்பிள்ளை. மாமனார் பொருள்தானே என்று எடுத்துப் போயிருக்கிறார். போகட்டும், கேட்டிருந்தால் தானே கொடுத்திருப்பார்.

"சம்பந்தியம்மா, தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளைகிட்ட பக்குவமா ஒரு வார்த்தை சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்ணு எங்களோட பேசும்போது, ஃபோன் பக்கத்துல நின்னு ஷேவ் பண்ண வேணாம்னு."

"யாரு, அவனா?" சம்பந்தியம்மா சிரித்தார். "அவன் தாடி விட்டு எத்தனை மாசமாச்சு! மாருல புரளுது. உங்க பொண்ணு சொல்லலையா?"

சொல்லவில்லை. தாடி இரைச்சல் எழுப்பாது. அதனால் அவரும் கேட்டதில்லை.

"அப்ப இதை யாரு...?"

டிவியின் சத்தத்தைக் கூட்ட நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, சம்பந்தியம்மா சொன்னார்:

"உங்க பொண்ணுதான் சம்பந்தி, உங்க நம்பரைச் சுத்தினதும் அதை ஆன் பண்ணி ஃபோன் மேலயே வெச்சுக்குவா, 'சத்தம் இல்லேன்னா எங்கப்பா ரெண்டே வார்த்தையில என்னை அம்மாகிட்ட குடுத்துடுவாரு அத்தை'ம்பா."